லேக் கார்டன்ஸுக்குக் கொண்டு போன சாம்பல்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் நான் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதுவும் இந்தி மீடியம். தமிழ் எழுத்தை அம்மாதான் ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். நாலு பேர் கூடுகிற இடத்தில் சுவரோரமாகப் போய் நிற்கிற ஆள் நான். பள்ளிக்கூட நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவி அட்டை போடுவது என் வேலை. அதனால் புத்தகத்தின் வெளிப்பக்கம்தான் எனக்கு அதிகம் பழக்கம். உள்பக்கத்தை எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் இதை எழுதி வைக்க வேறு யாரும் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாள், கடன் திருநாள் கிடையாது. அன்றைக்குப் பூசைக்குப் போகாவிட்டால் பாவம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த வங்காள ஊரில் எங்கள் பங்குக் கோயிலில் ஈஸ்டருக்குக்கூட அப்படி ஒரு கூட்டத்தைப் பார்க்க முடியாது. விடியற்காலைப் பூசைக்கு ராத்திரி டியூட்டி முடித்த நர்சுகள் அப்படியே வருவார்கள். அடுக்குமாடி வாசல்களில் காவல் இருப்பவர்கள் சீருடையோடு வருவார்கள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீட்டு வேலை செய்கிற பெண்கள், எஜமானி எழுந்திருப்பதற்குள் திரும்ப வேண்டும் என்று முன்வரிசையில் உட்காராமல் கதவோரமாகவே நிற்பார்கள். தலையில் லேஸ் துணி போட்ட ஆங்கிலோ இந்தியப் பாட்டிமார், வங்காளிக் குடும்பங்கள், தலையில் முந்தானை போட்ட எங்கள் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையில் போய் நெற்றியைக் காட்டிவிட்டு வருவோம். எங்கள் பாதர் ஒரு வருஷம் பிரசங்கத்தில், "உங்களில் பாதிப் பேரைப் போன திருநீற்றுப் புதனன்றுதான் கடைசியாகப் பார்த்தேன். நலமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்ததில் சந்தோஷம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பாதிப் பேர்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

எனக்கு அவர்கள்மேல் மதிப்புத்தான். வருஷத்தில் ஒருநாள் மட்டும் கோயிலுக்குப் போவதென்றால், பாட்டும் கேக்கும் உள்ள நாளைத் தேர்ந்தெடுக்கலாம். அதை விட்டுவிட்டு, நீ மண் என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற நாளைத் தேர்ந்தெடுத்து வருகிறார்களே.

சாம்பல் செய்வதும் பங்கு மக்கள் வேலைதான். முந்தின வருஷம் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலையை எல்லாரும் வீட்டுச் சுவரில் உள்ள சிலுவைக்கு, அதாவது பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். இங்கே தென்னங்குருத்துக்குப் பதில் ஈச்ச ஓலைதான் அதிகம். வருஷம் முழுக்கப் புகையும் தூசும் ஏறி, பல்லி முட்டையோடு அது சர்ச்சுக்குத் திரும்பி வரும். வளாகத்தின் பின்பக்கம் ஒரு பெரிய இரும்புக் கடாயில் போட்டு எரித்து, மெல்லிய துணியில் சலிப்போம். ஒரு வருஷம், புதிதாக உதவிக்கு வந்த ஒருவர் சாம்பல் பறக்கிறதே என்று தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்துவிட்டார். காலைப் பூசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நெற்றி சிவந்து எரிந்தது. "தவக்காலம் நன்றாகத்தான் ஆரம்பித்திருக்கிறது" என்று பாதர் சொன்னார். அன்றிலிருந்து சாம்பலுக்குத் தண்ணீர் கிடையாது. ஒட்டவில்லை என்றால் ஒரு சொட்டு எண்ணெய்தான்.

அந்த நாளின் வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர் ஒரு அண்ணாச்சி. எங்கள் அப்பாவைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நடுப்பாதையின் தலைமாட்டில் வெள்ளைச் சட்டையோடு நின்று, கையை மட்டும் அசைப்பார். பேசவே மாட்டார். பக்கவாட்டிலிருந்து யாராவது நுழைந்தால், அது அலிப்பூர் கோர்ட்டின் பெரிய வக்கீலாக இருந்தாலும், தோளில் கையை வைத்து அன்பாகக் கூட்டிக்கொண்டு போய் வரிசையின் வாலில் விட்டுவிட்டு வருவார். வக்கீலுக்கு முன்னால் அவருடைய டிரைவர் நிற்பார். வக்கீல் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அண்ணாச்சியின் கை அப்படிப்பட்டது.

அவருடைய மனைவி இந்து. நூறு வருஷத்துக்கு முன்பே இந்த ஊரில் குடியேறிய ஐயர் குடும்பத்துப் பெண். நாங்கள் மாமி என்போம். காதல் கல்யாணம். இரண்டு வீட்டாரும் நீண்ட நாள் பேசாமல் இருந்து, பிள்ளைகள் பிறந்த பிறகு சமாதானம் ஆனதாகச் சொல்வார்கள். பிள்ளைகள் இப்போது வெளிநாட்டில். மாமி ஒவ்வொரு திருநீற்றுப் புதனுக்கும் அண்ணாச்சியோடு வருவார், கடைசி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரிசைக்கு வந்ததில்லை. அண்ணாச்சியும் வா என்று கூப்பிட்டதில்லை. ஊரையெல்லாம் வரிசையில் நிறுத்துகிற மனிதர் தன் மனைவியை நிறுத்தவில்லையே என்று எனக்கு அவர்மேல் அதனாலேயே மரியாதை.

இங்கே சரஸ்வதி பூஜை நவராத்திரியில் இல்லை, குளிர் விடுகிற சமயத்தில்தான். அதுவும் திருநீற்றுப் புதனும் ஒரே நாளில் வந்தது ஒரு வருஷம். அந்த வருஷம் அண்ணாச்சி வரவில்லை. வயிற்றில் கட்டி. முதலில் ஆப்பரேஷன் என்றார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது பங்கில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாமி மட்டும், "வெயில் வரத்துக்குள்ள எழுந்து நடமாடிடுவார்" என்றே போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலைப் பூசை முடிந்ததும் பாதர் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்று அவருக்குத் தெரியும். சுண்ணாம்பு டப்பா அளவுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் சாம்பல் போட்டுக் கையில் கொடுத்தார். அண்ணாச்சி கேட்டு அனுப்பியிருக்கிறார், தமிழில் சொல்லிப் பூச வேண்டுமாம், நீ போய் வா என்றார். சாம்பலைச் சாமியார்தான் பூச வேண்டும் என்பதில்லை, மந்திரித்த சாம்பலை எங்களைப் போன்றவர்களும் நோயாளிகளுக்குக் கொண்டு போகலாம். சொல்வதற்கு இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று, மனந்திரும்பி நற்செய்தியை நம்பச் சொல்வது. மற்றது, நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்பது. எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார் பாதர்.

எனக்குக் கூட்டத்தில் ஒரு வாசகம் வாசிக்கச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சாகக் கிடக்கிற மனிதரிடம் போய் நீ மண் என்று சொல்ல நான் யார்? டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

தெருமுழுக்க மஞ்சள் சேலைகள். பள்ளிக்கூடப் பெண்கள் அன்று ஒருநாள்தான் சேலை கட்டுவார்கள், கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "மாஷி, நெத்தியில கரி ஒட்டியிருக்கு" என்று சித்தி முறை வைத்து வங்காளத்தில் சொல்லித் தன் கைக்குட்டையாலேயே துடைக்க வந்தாள். கரி இல்லை அம்மா, அது பூஜை என்றேன். "எங்களுக்கும் இன்னிக்குப் பூஜைதான்" என்று சிரித்தாள். தெருப் பையன்களின் கிளப் போட்ட பூஜைப் பந்தலில் கிச்சடிப் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். இன்றைக்கு எனக்கு ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான் என்று சொன்னதும், "அப்போ அந்த ஒருவேளையை இங்கேயே வெச்சுக்கோங்க திதி" என்று என்னை அக்காவாக்கி, விடவில்லை. வரும்போது சாப்பிடுகிறேன் என்று தப்பித்து வந்தேன்.

லேக் கார்டன்ஸில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு, இரண்டாவது மாடி. கதவைத் திறந்த மாமி என்னை நேராகச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"முழிச்சுண்டுதான் இருக்கார். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் மெதுவாக. "சாம்பல் இடுங்கோ, நான் வேண்டாங்கலை. ஆனா அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். மண்ணு, மண்ணுக்குப் போறதுன்னு வருமே, அது. இந்த ஆத்துல யாரும் அதைச் சொல்லப்படாது. டாக்டர்கிட்டயே சொல்லி வெச்சிருக்கேன், இவர் எதிர்க்க ஒண்ணும் பேசாதேள்னு."

"இன்னொண்ணு இருக்கு மாமி. மனந்திரும்பி நற்செய்தியை நம்பணும்னு."

"அது நன்னாருக்கே. அதையே சொல்லிடுங்கோ."

எனக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது.

அண்ணாச்சி சாய்ந்து படுத்திருந்தார். முகம் பாதியாகியிருந்தது. அவரைப் பார்த்துக்கொள்கிற ஆயா, கானிங் பக்கத்துப் பெண், தட்டில் ஒரு அவித்த முட்டையோடு கட்டிலருகில் நின்றிருந்தாள்.

"யாரு, லைப்ரரியா? வா தாயி" என்றார். "இந்தப் புள்ளகிட்ட சொல்லு, முட்டைக்கு இன்னிக்கு லீவுன்னு."

"வியாதிக்காரங்களுக்கு ஒருசந்தி கிடையாது அண்ணாச்சி."

"தெரியும். நாந்தான் எல்லாருக்கும் அதைச் சொல்லுவேன்." ஆயாவைப் பார்த்துக் கையை அசைத்தார். வரிசையில் ஆளைத் திருப்பி அனுப்புகிற அதே அசைவு. முட்டை திரும்பிப் போயிற்று. "கூட்டம் எப்படி?"

"வாசல் வரைக்கும்."

"வரிசையை யாரு பாத்தா?"

"யாரும் இல்ல. ரெண்டு வரிசையாகி, மூணாகி, கடைசில பாதரே கையை நீட்டி நிறுத்தினார்."

"ஆகும் ஆகும். விட்டா கரியாஹாட் சந்தை மாதிரி ஆக்கிருவாங்க." அவருக்குச் சந்தோஷமாக இருந்தது தெரிந்தது.

வெளியே கிளப் ஒலிபெருக்கியில் பாட்டு. நான் டப்பாவைத் திறந்து கட்டைவிரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டேன். மாமி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்து, மாமிக்கு ஒத்துக்கொண்ட வாக்கியத்தைச் சொன்னேன். விரல் நெற்றியைத் தொடுவதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்ன தாயி சொன்ன?"

திரும்பச் சொன்னேன்.

"நல்ல வாக்கியந்தான். ஆனா அது இல்ல. மத்தது."

"ஏன்னா, அதுவே போறும்" என்றார் மாமி வாசலிலிருந்து. "அதுவும் சர்ச்சுல சொல்றதுதானாமே."

"யாரு சொன்னா?"

"இவாதான் சொன்னா."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சாம்பல் என் விரலிலேயே இருந்தது.

"இத்தன வருசம் பக்கத்துல நின்னு கேட்டவன் நான்" என்றார் அண்ணாச்சி. பேசப் பேச மூச்சு வாங்கியது. "கைக்குழந்தைக்கும் அதான். வக்கீலுக்கும் அதான், அவரு டிரைவருக்கும் அதான். எனக்கு மட்டும் என்ன சலுகை?"

"சலுகைதான். இருக்கட்டுமே!" என்றார் மாமி. "ஊர்ல எல்லாருக்கும் சொல்லட்டும். உங்களுக்குச் சொல்லாட்டா என்ன கொறைஞ்சு போறது?" சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது.

எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அண்ணாச்சிக்கு அந்த வாக்கியம் வேண்டும். மாமிக்கு அதைக் கேட்கத் திராணியில்லை. நடுவில் என் கட்டைவிரல்.

அண்ணாச்சி என் பக்கம் கையை நீட்டி, "சரி, அவ வேண்டாம்னா வேண்டாம். என் நெத்தியை விட்ரு. டப்பாவை இங்க கொடு" என்றார். கொடுத்தேன். மாமியைப் பார்த்து, "இங்க வா" என்றார்.

"எதுக்கு?"

"வாயேன். வருசா வருசம் கடைசி பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாத்தேல்ல. நான் ஒருநாளாவது கூப்பிட்டேனா? இன்னிக்குக் கூப்பிடறேன்."

மாமி வருவார் என்று நான் நினைக்கவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி படுத்தபடியே டப்பாவைச் சாய்த்ததில் சாம்பல் பாதி போர்வையில் கொட்டியது. மாமியின் குங்குமத்துக்கு மேலே, இடம் பார்த்து, சின்னதாக ஒரு சிலுவை போட்டார். குங்குமம் கலையவில்லை.

"நீயும் மண்ணுதான் புள்ள" என்றார். "நீயும் அங்கதான் வருவே."

புத்தகத்தில் அப்படி இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அவ்வளவு பிரியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வருஷா வருஷம் எத்தனையோ நெற்றிகளுக்கு அது சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு புருஷன் தன் மனைவிக்குச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

மாமி, "ஓஹோ" என்றார். "என்கிட்ட சொல்லிட்டு நீங்க மட்டும் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறேளா?" டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது மாமியைப் போன்றவர்களுக்குத்தான் நடக்கும். சாம்பலை எடுக்கும்போதே மூன்று விரல் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்கு விபூதி இட்டு இட்டுப் பழகிய கை. அண்ணாச்சியின் நெற்றியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பளிச்சென்று மூன்று பட்டை. போட்ட பிறகுதான் மாமிக்கு உறைத்தது. "ஐயையோ!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, நடுவில் மேலிருந்து கீழாக அவசரமாக ஒரு கோடு இழுத்தார்.

அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே, "என்ன, நெத்தி பூரா இழுத்துட்டே போலிருக்கே?" என்றார். "அங்க போனா, இந்தாளு எந்த வாசல் வழியா வரணும்னு குழம்பிருவாங்க."

"எந்த வாசலா இருந்தாலும் நீங்க உள்ள நுழையாம வரிசையைப் பாத்துண்டுதானே நிப்பேள்" என்றார் மாமி. அவர் அந்த ‘அங்கே’யைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அழுதுகொண்டேதான் சிரித்தார். ஆனால் சிரித்தார்.

"வாக்கியத்தைச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேக்குச் சரியாத் தெரியாதே. எப்படிச் சொல்லணும்?"

நான் சொன்னேன். பூசையில் சொல்வதுபோல இல்லை, குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக. என் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. மாமி ஒவ்வொரு சொல்லையும் வாங்கி அண்ணாச்சியிடம் சொன்னார். கடைசிச் சொல்லில் கொஞ்சம் நின்று, அதையும் சொல்லி முடித்தார்.

"ஆமென்" என்றார் அண்ணாச்சி. மாமியின் கை அவர் நெற்றியிலேயே இருந்தது.

ஆயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், "மாஷிமா, எனக்கு இல்லையா?" என்று கேட்டாள். சாம்பலுக்கு யார் வேண்டுமானாலும் நெற்றியைக் காட்டலாம். நான் எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்லி அவளுக்குப் பூசினேன். அவள் அலமாரிக் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு, சரியாகத் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் கருப்பாகப் போடுங்கள் என்று திரும்பி வந்தாள். மறுபடி போட்டேன்.

கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். மாமி கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார், மாமி தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். குறுக்கே பேசவில்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினேன்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் தவக்காலத்தைப் பற்றி எவ்வளவோ சொல்வார்கள். எனக்கு அவ்வளவு தெரியாது. மாமி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாரே, அது எவ்வளவு பெரிய காரியம் என்று மட்டும் தெரிகிறது. என்னால் முடிந்திருக்காது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் மாமி டாக்டருக்குப் போன் செய்து, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். டாக்டர் சொன்னார். மாமி வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் போன் போட்டு, டிக்கெட் எடுக்கச் சொன்னார்.